வேப்பமரத்தடியில் கவிழ்த்த பேணி

துறைமுக வீதிக்கும், எங்கள் வேதக்காரர் சவம் அடக்கும் சேமக்காலையின் பின்மதிலுக்கும் நடுவில் ஒரு திடல் இருந்தது. பெரிய திடல் என்று சொல்ல முடியாது. நாலைந்து கொட்டாங்காய் மரம், இரண்டு பூவரசு, ஒரு வேம்பு, கப்பல் பார்க்க வருகிறவர்கள் இருப்பதற்கு மூன்று சீமெந்து வாங்கு. அதைக் கூட்டுகிற வேலை என்னுடையது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கிட்டத்தட்டப் பத்து வருடம் நின்ற வெள்ளைக்காரக் கப்பற்படை போனதோடு என்னுடைய மனுசனுக்குக் கப்பல்தளத்தில் பெயின்ற் அடிக்கிற வேலையும் போயிற்று. பிறகு நானே நகரசபைக் கந்தோர் வாசலில் போய் நின்று இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். மற்றப் பெண்கள் சந்தைப் பக்கம் கூட்டத்தான் போட்டிபோட்டு அடிபட்டார்கள். அங்கே என்றால் ஒரு மீன், ஒரு பிடி கீரை என்று கைக்கு ஏதாவது அகப்படும். நான் திடல் வேண்டும் என்றதும், வேலை பிரித்துக் கொடுக்கிற ஓவசியர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க சருகைத் தவிர ஒண்டும் கிடையாது. விளங்குதோ?"

"எனக்குச் சருகுதான் ஐயா பிடிக்கும். நான் ஆட்டு ராசி."

அவர் சிரித்துக்கொண்டு பெயரை எழுதினார். உண்மையான காரணத்தை நான் சொல்லவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், இந்த வேலைக்கு வர நாலு வருடம் முந்தி, எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு பெடியன்களுக்குப் பிறகு வந்தது. மருத்துவிச்சி தலைகீழாகப் பிடித்தாள், தட்டினாள், முதுகைத் தேய்த்தாள். மூச்சு வரவில்லை. ஒரே ஒரு மூச்சு வந்திருந்தாலும் அவளே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருப்பாள். ஒரு பெயர் இருந்திருக்கும். மதிலுக்கு உள்ளே ஒரு முழ நிலமும் கிடைத்திருக்கும். அந்த நாளையில் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்க விடமாட்டார்கள். சுவாமியாரை நான் குறை சொல்லவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

என்னுடைய மனுசன் பிள்ளையை ஒரு சவர்க்காரப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய், மதிலுக்கு வெளியே திடலில் அடக்கிவிட்டு வந்தார். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு திடல் பக்கமே கால் வைக்க மாட்டார். கடற்கரைக்குப் போவதென்றாலும் சுற்றுப் பாதையால்தான் போவார்.

நாற்பதாம் நாள் நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். வீதி ஓரமாக ஓரிடத்தில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. அதுதான் என்று மனதில் பிடித்துக்கொண்டேன். கல் வைக்க முடியாது, குருசு வைக்கவும் முடியாது. ஒரு வேப்பங்கன்றை நட்டுவிட்டு வந்தேன். கோட்டைக்குள்ளிருந்து மான்கள் வந்து வீதியெல்லாம் திரியும். அவை கடித்துவிடாமல் சுற்றி முள் கட்டினேன். மரம் நிற்கிற மட்டும் என் பிள்ளை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். மரம் போனால் அதுவும் போய்விடும். ஓவசியர் என்னைத் திடலைக் கூட்டச் சம்பளத்துக்கு வைத்தார். நான் போனது அந்த ஒரு மரத்தடியைக் கூட்டத்தான்.

கூட்டினேன் என்றால் சும்மா கூட்டல் இல்லை. வேம்படியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூட்டுவேன். ஒரு சருகு கிடக்க விடமாட்டேன், ஒரு புல் தலை காட்ட விடமாட்டேன். தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, கோயில் நிலம் மாதிரி வழுவழு என்று வைத்திருப்பேன். அந்த இடத்தில் நீங்கள் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம். அள்ளிய சருகை வீதி ஓரத்தில் குவித்து எரித்துவிடுவேன். இப்படிப் பதினாறு வருடம். மதில் மூலையில் பூவரசுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. வீதியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓவசியரின் சைக்கிள் போகாத இடத்துக்கு என் விளக்குமாறும் போகாது. அங்கே சருகு முழங்கால் மட்டும் கிடந்தது.

பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில்தான் அந்த வாத்தியார் வந்தார். ஊர் கிண்ணியா. காலையில் தோணிப் பாதையால், அதாவது ஆட்களை ஏற்றிக் கடத்துகிற மிதவையால், அக்கரையிலிருந்து வந்து, பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் போவார். முப்பது வயதிருக்கும். ஒருநாள் பின்னேரம் மூன்று வெறும் பால்மாத் தகரப் பேணிகளைக் கொண்டுவந்து, ஒன்றைப் புல்லிலும், ஒன்றை மதில் மூலையிலும், ஒன்றை என் வேம்படியிலும் கவிழ்த்து மண்ணுக்குள் அழுத்தினார்.

"தம்பி, பேணியைக் கவிட்டு வச்சா ஆரும் சில்லறை போடமாட்டினம்," என்றேன்.

"சில்லறைக்கில்ல அக்கா. மண் விடுற மூச்சப் புடிக்க."

"மண்ணுக்கு மூக்கு எங்க இருக்கு?"

"மேலெல்லாம் மூக்குதான்."

என்னை மாதிரிப் பகிடி விடுகிற ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் விளையாடவில்லை. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை ஒரு ஜாம் போத்தலில் எடுத்து வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. பப்பாசி இலைக்காம்பில் வெட்டிய ஒரு குழலை என்னிடம் தந்து, அதற்குள் ஊதச் சொன்னார். நான் ஊத ஊத அது கலங்கிப் பால் மாதிரி வெளுத்தது.

"வெத்திலை நாத்தம் பட்டுப் பழுதாப் போச்சுதோ?"

"இல்ல. உங்கட மூச்சில இரிக்கிற காத்து சுண்ணாம்போட சேந்தா இப்பிடித்தான். மண்ணும் இதே காத்தத்தான் விடும். பேணிக்குக் கீழ போத்தல வச்சிட்டுப் போறன். காலையில எவ்வளவு வெளுத்திரிக்கெண்டு பாப்பம்."

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சாமான் எதுவும் வெளியிலிருந்து வராது. அதனால்தான் சுண்ணாம்பும் பேணியும். வெள்ளையை வடித்துக் காயவைத்து பள்ளிக்கூடத்துச் சின்னத் தராசில் நிறுத்து, கொப்பியில் எழுதுவார். ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டியிருந்ததாம்.

முதல் நாள் காலையில் நானும் பக்கத்தில் நின்றேன். மதில் மூலைப் போத்தல் பசும்பால். புல்லில் இருந்தது கஞ்சித் தண்ணீர். வேம்படிப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்த மாதிரியே தெளிவாக இருந்தது.

"இந்த இடம் மூச்சு விடுறதில்ல," என்றார்.

அவருக்கு அது ஒரு போத்தலைப் பற்றிய கதை. நான் வாங்கில் போய் இருந்துவிட்டேன்.

அவர் பாவம், எனக்கு வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் குந்தியிருந்து விளங்கப்படுத்தினார். இலை விழுமாம். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் அதைத் தின்று மூச்சு விடுமாம். அந்த மூச்சை மேலே நிற்கிற இலைகள் எடுத்துத் திரும்பவும் இலையாக்குமாம். அது விழ, திரும்பவும் அதே கதை.

"நீங்க ஒவ்வொரு நாளும் அதிட சாப்பாட்ட வழிச்சு அள்ளிக்கொண்டு போய் எரிக்கிறீங்க அக்கா. மண் இறுகிக் கல்லாப் போச்சு. வேருக்கும் மூச்சு விட இடமில்ல. அதான் மரம் காயுது போல."

"கூட்டத்தான் தம்பி எனக்குச் சம்பளம். மண்ணுக்குச் சோறு போட இல்ல."

சுள்ளென்றுதான் சொன்னேன். மரம் காய்கிறது என்பது எனக்குத் தெரியாததா? அந்த வருடம் வீதிப் பக்கக் கொப்பெல்லாம் மொட்டையாகிவிட்டது. ஓவசியர் வந்து அண்ணாந்து பார்த்து, மாரி மழைக்கு முன் தறிக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் போகிற வீதி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த வாத்தியார் போய் மண் செத்துவிட்டது என்று அவரிடம் சொன்னால் அடுத்த நாளே கோடரி வந்துவிடும் என்று என் புத்தி சொன்னது. என் புத்தி இரண்டாம் வகுப்போடு நின்ற புத்தி.

மறுநாள் விடியற்காலை, தோணிப் பாதை வருவதற்கு முன், வேம்படிப் பேணியைத் தூக்கினேன். மடியில் ஒரு பப்பாசிக் குழல் கொண்டு போயிருந்தேன். முழங்காலில் நின்று போத்தலுக்குள் ஊதினேன். தலை சுற்றும் மட்டும் ஊதினேன். பிள்ளை பிறந்த அன்றைக்கு யாராவது இப்படி ஊதிப் பார்த்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு இன்னும் கொஞ்சம் ஊதினேன். போத்தல் நல்லாக வெளுத்தது. பேணியைப் பழையபடி கவிழ்த்து, முழங்கால் பட்ட அடையாளத்தைக் கூட்டி விட்டேன். ஒரு மான் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல காலம், அதற்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

மூன்று நாள் இப்படிச் செய்தேன். வாத்தியார் முதல் நாள் போத்தலைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார். இரண்டாம் நாள் பேணியை மாற்றி வைத்தார். மூன்றாம் நாள் கொப்பியில் எழுதிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இருந்தார். அந்த நேரம் ஓவசியர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன சேர், உங்கட பேணி என்ன சொல்லுது? மண்ணில பிழையெண்டா பண்டுவம் பாத்துப் பிழைக்கவைக்கலாம். மரத்திலயே பிழையெண்டா தறிச்சிட வேண்டியதுதான்."

வாத்தியார் என்னை ஒரு தரம் பார்த்தார். "மண்ணில பிழையெண்டுதான் முதல்ல நினைச்சன். இல்ல போல. இந்த மூணு நாளும் சருகு கிடக்கிற மூலையைப் போலவே மூச்சு விடுது. கூட்டிறதால ஒரு கெடுதியும் இல்ல. மரத்துக்குள்ளதான் ஏதோ வருத்தம்."

"அப்ப திங்கக்கிழமை ஆக்களக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று ஓவசியர் சைக்கிளில் ஏறினார்.

மரத்தைக் காப்பாற்ற நான் ஊதிய ஊதல் மரத்துக்கே கோடரியைக் கொண்டுவந்துவிட்டது. ஓவசியர் திருப்பத்தில் மறையும் மட்டும் நின்றேன். பிறகு மடியிலிருந்த பப்பாசிக் குழலை எடுத்து வாத்தியாரின் கொப்பிக்கு மேலே வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு நாளும் நீங்கதானா?"

"ஓம்."

"ஏன் அக்கா? பகிடிக்கா?"

பகிடி விடுகிறவளுக்கு இது ஒரு தண்டனை. ஒரு நாளாவது உண்மை சொல்ல வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது. வேம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சவர்க்காரப் பெட்டி, மதில், கன்று, எல்லாம். அதுவரைக்கும் நான் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது. அவர் எழும்பவில்லை.

கடைசியில் பேனையை எடுத்து மூன்று வரியையும் வெட்டினார். "ஓவசியர்ட்ட நான் போய்ச் சொல்றன், நான்தான் போத்தல மாத்திப் பாத்திட்டனெண்டு. மாரி முடியுமட்டும் பொறுக்கச் சொல்லுவம். நீங்க ஒண்டு செய்ங்க. அந்த மதில் மூலையில மண் நல்ல உசிரோட இரிக்கி. புழு, பூச்சி, காளான் எல்லாம் இரிக்கி. நாலு கடகம் மேல்மண்ண அள்ளி வேம்படியைக் கொத்திப் பரப்புங்க. மேலால சருகப் போட்டு மூடுங்க. விளக்குமாற இந்தப் பக்கம் கொண்டுவராதீங்க."

சொன்னபடி போய்ச் சொன்னார். செய்யாத பிழையை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஓவசியர் மாரி முடியும் வரை தவணை கொடுத்தார்.

அன்று பின்னேரம் வீட்டில் என்னுடைய மனுசன் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். அவரிடம் அந்த இடத்தைப் பற்றி நான் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

"இஞ்சேருங்கோ. திடலில நிக்கிற வேம்பு சாகப்போகுது."

"போனாப் போகட்டும்."

"எப்பிடிப் போகட்டும்? அது பிள்ளையின்ர தலைமாட்டில நிக்குது."

அவர் தன் கையைப் பார்த்தார். "அங்க இல்ல," என்றார்.

"எங்க இல்ல?"

"வேம்படியில இல்ல. அது தண்ணிக் குழாய்க்கு வெட்டி மூடின கிடங்கு. நான் வச்சது மதில் மூலையில, பூவரசுக்கு அங்கால. மதிலோட ஒட்டி வச்சனான். உள்ளுக்கு விடாட்டியும் கிட்டவாவது கிடக்கட்டும் எண்டு."

"இருவது வருசமா ஏன் சொல்லல்ல?"

"நீ மரம் நட்டிட்டாய். தண்ணியும் ஊத்தி முள்ளும் கட்டிட்டாய். பிறகு என்னத்தைச் சொல்ல?"

கோபிக்கத்தான் பார்த்தேன். எதைப் பிடித்துக் கோபிப்பது என்று தெரியவில்லை. நான் ஒவ்வொரு நாளும் வருந்தி வருந்திக் கூட்டியது ஒரு குழாய்க் கிடங்கை. கூட்டாமல் விட்ட மூலையில் என் பிள்ளை. அந்த மூலையில் நான் எத்தனை தரம் வெற்றிலை துப்பியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வாத்தியார் தோணிப் பாதையால் இறங்கி வரும்போதே வழியில் மறித்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "இனி அந்த மண்ணில எப்பிடிக் கை வைக்கிறது? கிளறலாமோ?" என்று கேட்டேன்.

அவர் இறங்குதுறைப் பாலத்தடியில் நின்று யோசித்தார். நிச்சயமாகத் தெரியாததை அவர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். "இருவது வருசம் அக்கா. அந்தப் புள்ள இப்ப அந்த மூலையில மட்டும் இல்ல. பூவரசுக்குள்ள கொஞ்சம் இரிக்கும். அதிட சருகுக்குள்ள இரிக்கும். அண்டைக்கு முதல் போத்தல் வெளுத்திச்சே, அதிலயும் ஒரு துளி இரிந்திரிக்கும். கட்டுரையில எழுத ஏலாது. உங்களுக்குச் சொல்றன்."

அந்த மூலைப் போத்தலை நான் கண்ணால் கண்டவள். பசும்பால் மாதிரி இருந்தது. மருத்துவிச்சி தட்டித் தட்டிக் கேட்ட மூச்சு அதுதான் என்று பாலத்தடியில் நின்றபடியே நினைத்துக்கொண்டேன். வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை, நினைத்தது நான்தான். வீதியில் சனம் போய்க்கொண்டிருந்ததால் முந்தானையால் முகத்தைத் துடைத்து, தூசு என்று சொன்னேன்.

வீட்டுக்குப் போய் மனுசனிடம், வேம்புக்குப் போட மதில் மூலையில் மேல்மண் நாலு கடகம் வேண்டும் என்றேன்.

"பிள்ளைதான் அங்க இல்லையெண்டு சொல்லிட்டனே. இனி அந்த மரம் உனக்கென்னத்துக்கு?"

"வளர்த்தனான்," என்றேன். பிள்ளைக்கென்று வைத்திருந்த கதையெல்லாம் இருபது வருடம் அந்த மரம் கேட்டிருக்கிறது. இடம் மாறிப் போனதற்கு அது என்ன செய்யும்?

அவர் எழும்பி, கடகத்தையும் ஒரு சிரட்டையையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். திடலுக்கு ஏறுகிற இடத்தில் ஒரு கணம் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். மதில் மூலையில் போய்க் குந்தினார். மண்வெட்டி கொண்டு வந்திருந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சருகைக் கையால் ஒதுக்கினார். கீழே மண் கறுத்து, ஈரமாக, புட்டு மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தது. சிரட்டையால் மேலால் மேலால் வழித்து எடுத்தார். சுடுசோற்றில் ஓரமாக அள்ளுகிற மாதிரி.

"ஆழமாப் போகாதேங்கோ," என்றேன்.

"எனக்குத் தெரியும் எவ்வளவு ஆழமெண்டு," என்றார்.

நான் வேம்படியைக் கொத்தினேன். அது என்னுடைய பதினாறு வருட வேலை, மண்வெட்டி துள்ளியது. கொத்தின இடத்தில் மண்ணைப் பரப்பி, திடல் முழுவதும் அள்ளிய சருகைக் கொண்டுவந்து மேலே கொட்டினேன். அதைப் பார்த்து ஓவசியர் கேட்டபோது, ஈரத்தில் எரியுதில்லை, குப்பை வண்டில் வருமட்டும் குவித்து வைத்திருக்கிறேன் என்றேன். வண்டில் மாட்டுக்கு அந்த நாளையில் அடிக்கடி சுகமில்லை. அந்த மாட்டுக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

மாரி பெய்தது. சருகு கறுத்து அமிழ்ந்தது. வாத்தியார் ஒவ்வொரு கிழமையும் பேணி கவிழ்த்தார். இனி ஊதமாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகும், எடுக்க முன் என் மடியைப் பார்ப்பார். தை மாதமளவில் வேம்படிப் போத்தலில் கஞ்சித் தண்ணீர் நிறம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கட்டுரையை அனுப்பிவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மூன்று பேணியையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார்.

பங்குனியில் கடல் பக்கத்துக் கொப்புகளில் செந்தளிர் வந்தது. வீதிப் பக்கம் வரவில்லை. ஓவசியர் ஆட்களோடு வந்து வெகுநேரம் அண்ணாந்து நின்றார். "பாதி உசிர் இருக்கு. செத்த பாதியை மட்டும் அரிஞ்சு விடுவம்," என்றார்.

என்னுடைய மனுசன் அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகவில்லை. வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செத்த கொப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தடித்தவற்றை ஆட்கள் விறகுக்கென்று வண்டிலில் ஏற்றினார்கள். அவர்கள் போன பிறகு அவர் எழும்பிப் போய், மரம் அரிந்த வாளிலிருந்து கொட்டிய மரத்தூளைப் புல்லுக்குள்ளிருந்தும் வீதியிலிருந்தும் சிரட்டையால் கூட்டி அள்ளி, சருகை விலக்கி, வேரடியில் போட்டு மூடினார். வீதியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. அதை அள்ள நான் போனேன்.